ஐந்தாம் விதியும் ஒரு மாடாவா முட்டையும்

பிகெனாரா தீவில் கடற்பறவைகளைப் பற்றித் தெரியாத குழந்தை ஒன்றுகூட இல்லை. பிராந்தியக் கடற்பறவைக் கல்வி இயக்ககத்துக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது.

இயக்ககத்தின் நடைமுறை எளிமையானது. முதலில் ஒரு தேர்வு வைப்பார்கள். பிறகு பாடம் நடத்துவார்கள். பிறகு அதே தேர்வை மறுபடியும் வைப்பார்கள். இரண்டாவது முறை பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்கினால் திட்டம் வெற்றி. பிகெனாராவின் ஓராசிரியர் பள்ளிக்கூடத்திலோ முதல் தேர்விலேயே எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கித் தொலைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஏறுவதற்கு இடம் இல்லை.

துணை இயக்குநர் பரானிகோ தலைமையகத்திலிருந்து தீவின் கவுன்சில் கொட்டகையில் இருந்த இருவழி வானொலியில் ஆசிரியை அரேட்டானாவை அழைத்தார்.

"டீச்சர், ரொம்ப வருத்தமான முடிவு வந்திருக்கு. ஓவர்."

"பிள்ளைங்க எல்லாம் சரியாத்தானே சார் எழுதியிருக்காங்க? ஓவர்."

"அதான் பிரச்சினை. ஒருத்தருக்குக்கூடத் தெரியாம இல்ல. தெரியாதவங்களுக்குத்தானே நாங்க சொல்லிக் குடுக்க முடியும்? நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும். ஓவர்."

"என்ன செய்யணும் சார்? ஓவர்."

"நாங்க வர்றதுக்குள்ள பிள்ளைங்க கொஞ்சம் மறக்கணும். ஓவர்."

வேறொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். அரேட்டானா சிரிக்கவில்லை. அவளுடைய மகள் தூரியா தலைநகர் தராவாவில் அத்தை வீட்டில் இருந்தாள். காதில் சீழ் வடிந்ததால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அனுப்பிவைத்த பிள்ளை. அப்பா வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். மகள் போய் இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே வானொலியில்தான், ஒவ்வொரு பேச்சையும் 'ஓவர்' சொல்லி முடித்து, தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள். கொட்டகைக்கு வெளியே தீவே உட்கார்ந்து கேட்கும். தூரியா ஏதாவது கேட்டால் அரேட்டானா வாய் திறப்பதற்குள் வெளியே நாலு பேர் பதில் சொல்லிவிடுவார்கள்.

தராவாவுக்கு மாற்றல் கேட்டு அவள் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கடற்பறவைத் திட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, இயக்ககத்தார் திரும்பும் அதே கப்பலில் அவள் வந்துசேர வேண்டும். தவறினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

ஆகவே அரேட்டானா பிள்ளைகளை மறக்க வைக்கும் வேலையை ஆரம்பித்தாள்.

"மாடாவா எங்க முட்டை போடும்?" என்று கேட்பாள்.

"தெரியாது டீச்சர்!" என்று வகுப்பே கூவும். வெளியே ஜன்னல் விளிம்பில் வெள்ளை வெளேரென்ற மாடாவாக் கடற்பறவை ஒன்று, கூடு கீடு எதுவும் கட்டாமல் வெறும் சிமெண்டில் போட்ட முட்டையின் மேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இது போதவில்லை என்று தெரிந்ததும் இயக்ககமே உதவிக்கு வந்தது. கேள்விகளை மாற்றி அனுப்பினார்கள். "கடற்பறவை எங்கே வாழ்கிறது?" என்பது முதல் கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் "இங்க" என்று எழுதினார்கள். சரியான விடை: "தனக்குரிய வாழிடத்தில்." எல்லாருக்கும் பூஜ்யம். பரானிகோ வானொலியில் அவளைப் பாராட்டினார். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு அறியாமையை எந்தத் தீவும் எட்டியதில்லையாம்.

கப்பல் வந்தது. பவளப் பாறைக்கு வெளியே நின்று, இயக்ககத்தார் இருவரைப் படகில் இறக்கிவிட்டுத் தெற்கே போனது. வார முடிவில் திரும்பி வரும். கரையை ஒட்டியே கடல் அதல பாதாளம், நங்கூரம் போட இடமில்லை. ஆகவே அது நிற்காது. படகுகள் போய்வரும் நேரம் மட்டும் மிதந்துகொண்டிருக்கும், பிறகு போய்விடும்.

இறங்கியவர்களில் ஒருவர் பரானிகோ. பளபளக்கும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புதுத் தோல் செருப்பு. இன்னொருவர் ப்ரோன்வின் என்ற ஆஸ்திரேலியப் பெண், மதிப்பீட்டு ஆலோசகர். பிள்ளைகளின் நடத்தை மாறுகிறதா என்று அளப்பது அவர் வேலை. தீவின் மொழியைப் புத்தகத்தில் கற்றவர் என்பதால் எதையும் முழு வாக்கியமாகத்தான் சொல்வார்.

மானேபாவில், அதாவது ஊர்க் கூடத்தில், மாலை போட்டு, மீனும் ரொட்டிப்பலாவும் இளநீரும் வைத்து, ஆடிப் பாடி வரவேற்றார்கள். பரானிகோ எழுந்து பேசினார்.

"நான் இந்த மண்ணின் மகன். என் தாய் இந்தத் தீவில்தான் பிறந்தார். அந்த நெருக்கம் காரணமாகவே இதுவரை இங்கே வர எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் குழந்தைகளுக்குப் பறவைகளை அறிமுகப்படுத்துவதில் பெருமைப்படுகிறேன். இந்தப் பறவைகள் எங்கள் அலுவலகத்துக்கு மிகவும் வேண்டியவை. அவை இல்லாவிட்டால் எங்கள் அலுவலகம் அழிந்துவிடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கவுன்சில் தலைவர் தெகாபு மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். "மண்ணின் மகனாம். மண்ணு எங்கய்யா இருக்கு இங்க? எல்லாம் மணலு."

தெகாபு, பரானிகோவின் தாய்மாமன். பேச்சு முடிந்ததும் மருமகனைக் கட்டிப்பிடித்தார். கன்னத்தை மோந்து பார்த்தார். பிறகு தொப்பியைத் தொட்டு, "புபூசி" என்றார்.

புபூசி என்றால் கேட்பது. உறவுக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லி உன் பொருளைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு அது கேட்டவருடையது. அவர் அதை மாட்டிக்கொண்டாலும் உடைத்துப்போட்டாலும் கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மறுத்தவனை யாரும் அடிக்க மாட்டார்கள். பேசுவார்கள். அவன் பேரனுக்குப் பெண் பார்க்கும்போதும் பேசுவார்கள்.

பரானிகோ தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் கண்ணாடி போனது. அதற்கு மறுநாள் செருப்பு.

"மாமா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அவர் கேட்டார்.

"கப்பல் வர்ற வரைக்கும்தான் மருமவனே. அதுக்கப்புறம் நீ எங்க, நான் எங்க!" என்றார் தெகாபு, செருப்பின் வாரை இறுக்கியபடி.

பாடத்தை மானேபாவில் வைக்கலாம் என்று அரேட்டானா சொல்லிப்பார்த்தாள். நாலு பக்கமும் திறந்த கூடம். காற்று வரும், பறவைகளும் வரும். பரானிகோ மறுத்துவிட்டார். திட்டப்படி அது வகுப்பறைச் சூழலில் நடக்க வேண்டும். பறவைகள் வந்தால் கவனம் சிதறும்.

வகுப்பறையை யாரோ புண்ணியவான்கள் தங்கள் ஊர்க் குளிருக்கு வரைந்த படத்தை வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சிமெண்டுச் சுவர், ஜன்னல்களில் பற்றவைத்த கம்பிவலை, ஒரே ஒரு கதவு. ஊரில் அதற்கு நண்டுக்கூண்டு என்று பெயர். உள்ளே போவது எளிது. வெளியே வரும்போது பாதி ஆள் உருகியிருப்பார்.

கதவை ஒட்டி வெளிப்பக்கம், வாசலுக்குக் குறுக்கே நீண்டு நிற்கும்படி தலை உயரத்தில், பரானிகோ தன் கையாலேயே ஒரு பலகையை அடித்து மாட்டினார். 'கடற்பறவைக் கற்றல் மையம்' என்று நீல எழுத்து. மேல் விளிம்பு உள்ளங்கை அகலம். நல்ல தடித்த மரம்.

பாடம் தொடங்கியது. சுவரில் படங்கள் தொங்கின. வலைக்கு வெளியே மாடாவாக்கள் ஜோடி ஜோடியாகப் பறந்தன. பிள்ளைகளின் கண் தானாக அந்தப் பக்கம் போனது.

"அங்கே பார்க்காதீர்கள்!" என்று பரானிகோ குச்சியால் தட்டினார். "பறவையைப் பற்றிப் படிக்கும்போது இங்கே படத்தைப் பார்க்க வேண்டும்."

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு பறவையையாவது நிமிர்ந்து பார்த்து அரேட்டானா காணவில்லை. ப்ரோன்வினும் பார்க்கவில்லை. அவர் பறவையைப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடத்தின் உச்சம் ஐந்தாம் விதி. அதைச் சொல்வதற்கு முன்னால் பரானிகோ தண்ணீர் குடித்தார்.

"முட்டையிட்டிருக்கும் பறவைக்குப் பத்து மீட்டருக்குள் இருப்பவர், குஞ்சு பறந்து போகும்வரை அசையக் கூடாது. முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. குழந்தைகளே, மற்ற விதிகளையெல்லாம் குழு எழுதியது. இது நானே எழுதியது. என் சொந்த விதி. என் பிள்ளை மாதிரி."

"சார், எங்க வீட்டு ஜன்னல்ல முட்டை இருக்கு," என்றாள் தாபோரா. வகுப்புத் தலைவி, பத்து வயது, எதையும் விட மாட்டாள். "நாங்க சாப்பிடப் போகக் கூடாதா?"

"இந்தத் தீவுக்கு விதி வந்தது இன்றைக்குத்தானே? முந்தைய முட்டைகளுக்குச் செல்லாது. இனிமேல் இடும் முட்டைகளுக்கு மட்டும்."

பிள்ளைகள் வலது கையை நெஞ்சில் வைத்து அதை உறுதிமொழியாகச் சொன்னார்கள். மறுபடி சொன்னார்கள். ப்ரோன்வின் ஒலிப்பதிவு செய்துகொண்டார். பிகெனாராவில் உறுதிமொழி என்பது விளையாட்டில்லை. பிள்ளைகள் இதற்குமுன் நெஞ்சில் கை வைத்தது ஞானஸ்நானத்துக்குத் தயாராகும்போது மட்டும்தான்.

கடைசி நாள் வந்தது. பிற்பகலில் கப்பல். அரேட்டானா தன் பாயையும் துணிகளையும் தாழம்பாய்ப் பையில் திணித்து வகுப்பறைக்கே கொண்டுவந்துவிட்டாள். இரண்டாவது தேர்வு முடிந்தது. "தனக்குரிய வாழிடத்தில்" என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள். முழு மதிப்பெண். பரானிகோ நிறைவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிறைவுரை ஒன்றுதான் பாக்கி.

"இன்றோடு என் பணி..." என்று பரானிகோ ஆரம்பித்தார்.

"சார்," என்றாள் தாபோரா. "முட்டை."

திறந்திருந்த கதவு வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. நீல எழுத்துப் பலகையின் மேல் விளிம்பில் ஒரு மாடாவா உட்கார்ந்திருந்தது. அது சற்றே எழுந்து நகர்ந்தபோது அடியில் புள்ளி போட்ட முட்டை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பறவை அதை மறுபடி வயிற்றால் மூடிக்கொண்டு, கறுத்த கண்ணால் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பார்த்தது.

அந்த அறையை எந்தப் பக்கம் அளந்தாலும் எட்டு மீட்டரைத் தாண்டாது.

பிள்ளைகள் அப்படியே உறைந்தார்கள். ஒருவன் மூக்கில் விட்ட விரலை எடுக்கவில்லை.

"தயவுசெய்து யாரும் அசைய வேண்டாம்," என்றார் ப்ரோன்வின், உதடு மட்டும் அசைய. அவர் குரலில் ஆனந்தம். "இது மிகவும் சிறப்பான நடத்தை மாற்றம். நான் இதுவரை எந்த நாட்டிலும் இதைக் கண்டதில்லை."

பரானிகோவுக்கும் முதலில் புல்லரித்தது. ஓரடி எடுத்துவைக்க ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்ட அவர், அதைக் கீழே வைக்கப் பார்த்தார்.

"சார் கால் அசையுது!" என்றாள் தாபோரா.

கால் அந்தரத்திலேயே நின்றது.

நல்லவேளையாகக் கைப்பேசி போன்ற ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி அவர் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் அசைவதைத் தாபோரா பெரிய மனது பண்ணி அனுமதித்தாள். தலைமையகத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வாழ்த்துகள், பரானிகோ! இதுவரை ஐந்தாம் விதியை எந்தத் தீவும் நடைமுறையில் கடைப்பிடித்ததில்லை. தலைவருக்குச் சொல்லிவிட்டோம். அவர் எழுந்து நின்று கை தட்டினார். முட்டைக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா?"

"இல்லை. நாங்கள் வெளியே போவதற்கு..."

"அதற்கு வழி இருக்கிறது. இடையூறு அனுமதி வாங்கலாம். அந்தப் பகுதியின் மூத்த அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும்."

"அது நான்தான்."

"மிகவும் நல்லது. ஆனால் நீங்கள் பத்து மீட்டருக்கு வெளியே நின்று போட வேண்டும். உள்ளே இருப்பவர் போட்டால் சுயநலம் என்றாகிவிடும்."

இந்த இடத்தில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் ஒண்ணுக்கு வருகிறது என்று முனகினான். பரானிகோ அதையும் தலைமையகத்துக்குச் சொன்னார். தனித்தனியாகக் கேட்க வேண்டாம், அதே தேவை உள்ள எல்லாரையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. பதில் வருவதற்குள் பையன் நின்ற இடத்திலேயே காரியத்தை முடித்துவிட்டான். உறுதிமொழி மீறப்படவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியது. வலைக்கு வெளியே, உறுதிமொழி எதுவும் எடுக்காத ஆட்கள் சேர்ந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று காய்ந்த மீனைக் கம்பிவலைக்குள் நுழையும் அளவுக்குக் கல்லால் தட்டித் தகடாக்கினார்கள். பப்பாளிக் காம்பை வலைக்குள் நுழைத்து இனிப்புக் கள்ளை ஊற்றினார்கள். வலைப்பக்கம் நின்றவர்கள் வாயைத் திறந்தால் போதும். நடுவில் நின்றவர்களுக்கு வாசனை கிடைத்தது.

தெகாபு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் செருப்பும் அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தூரத்தில் பார்த்தால் அவர்தான் துணை இயக்குநர்.

"என்ன மருமவனே, ஒத்தக் கால்ல நிக்கிறே? கொக்காட்டம்?"

"மாமா, இது விளையாட்டில்ல. குஞ்சு பொரிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பறக்க அதுக்கப்புறம் ஒன்றரை மாசம்."

"அதுவரைக்கும் நிக்கப்போறியா? நல்லதுதான். உங்க அம்மா இங்கிருந்து போனதுக்கப்புறம் உங்க வீட்டுல ஒரு வாரத்துக்கு மேல இங்க தங்கப்போறது நீதான்."

அரேட்டானா கரும்பலகையோரம் நின்றுகொண்டிருந்தாள். வலையின் சின்னச் சின்னக் கட்டங்கள் வழியாகக் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு துண்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது அலை நுரை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். புள்ளி பெரிதானது. பிறகு அதிலிருந்து புகை வந்தது.

"கப்பல்," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"சார், கப்பல் வந்திடுச்சு. நான் போகணும். என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

"புரியுது டீச்சர்." பரானிகோ கப்பல் பக்கம் கண்ணை ஓட்டினார். "எனக்கு மட்டும் போக ஆசையில்லையா? ஆனா பிள்ளைங்க முன்னாடி... அந்தம்மா வேற பதிவு பண்ணிக்கிட்டிருக்காங்க."

"பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறேன்," என்றார் ப்ரோன்வின்.

தொலைபேசி மறுபடி ஒலித்தது. தலைமையகம் அவசரக் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்திருந்தது. ஐந்தாம் விதியின்கீழ் இந்த முட்டைக்கு ஒரு காவலர் வேண்டும். உள்ளூர் மக்களின் பங்கேற்பை மதிக்கும் வகையில் ஆசிரியை அரேட்டானாவையே அந்தப் பதவியில் அமர்த்துகிறார்கள். குஞ்சு பறக்கும்வரை பதவி. பெருமைக்குரியது என்பதால் சம்பளம் இல்லை. அவளுடைய மாற்றல் உத்தரவு அதுவரை நிறுத்திவைக்கப்படுகிறது. மாடாவா அடுத்த முட்டையும் அதே இடத்தில் இட்டால் பதவி தானாக நீட்டிக்கப்படும்.

"அதே இடத்துலதான் போடும்," என்றாள் தாபோரா. "எப்பவும் அப்படித்தான்."

கப்பல் ஒருமுறை ஊதியது.

அரேட்டானா பலகையைப் பார்த்தாள். பிறகு பரானிகோவைப் பார்த்தாள். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை, செருப்பு இல்லை. ஒவ்வொன்றும் எப்படிப் போயிற்று என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. செய்யலாமா என்று யோசித்தாள். இதை யாராவது இதற்குமுன் செய்திருக்கிறார்களா என்றும் யோசித்தாள். தெரியவில்லை. செய்யக் கூடாது என்று யாரும் சொல்லியதாகவும் தெரியவில்லை.

"சார், நீங்க எனக்கு உறவு," என்றாள்.

"எப்படி டீச்சர்?"

"என்னடா எப்படி?" வலைக்கு வெளியிலிருந்து தெகாபு பதில் சொன்னார். "உங்க அம்மாவோட சித்தி பொண்ணைத்தான் இவளோட பெரியப்பா கட்டினாரு. அது இல்லன்னாலும், மண்ணின் மகன்னு நீயேதானே மைக் இல்லாமலே கத்தினே?"

"ஆமா," என்றார் பரானிகோ, எச்சரிக்கையாக.

"புபூசி," என்றாள் அரேட்டானா.

பரானிகோ கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் உடம்பைப் பார்த்தார். மிச்சம் இருந்தது சட்டையும் கால்சட்டையும். "சட்டையா?" என்றார் ஈனக் குரலில்.

"இல்ல சார். அஞ்சாம் விதி."

பலகையின் மேல் மாடாவா மட்டும் இறகைக் கோதியது.

"விதியை எப்படிக் குடுக்க முடியும்? அது இயக்ககத்தோடது."

"மத்ததெல்லாம் குழு எழுதினது, இது என் சொந்த விதின்னு சொன்னீங்களே."

"என் பிள்ளை மாதிரின்னும் சொன்னாரு," என்றாள் தாபோரா.

"அது பதிவாகியிருக்கிறது," என்றார் ப்ரோன்வின்.

"குடுத்திடு மருமவனே," என்றார் தெகாபு. "தொப்பியைக் குடுத்தே. செருப்பைக் குடுத்தே. இது அதையெல்லாம்விட இலேசு. தூக்கிட்டுப் போறவளுக்கும் கனக்காது. இல்ல, மாட்டேன்னு சொல்லிடு. நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். எங்களுக்கும் பொழுது போகணுமில்ல?"

பரானிகோ தொலைபேசியைப் பார்த்தார். தலைமையகம் பன்னிரண்டு தீவுக்கூட்டங்களுக்கு அப்பால் இருந்தது. மாமா மூன்றடி தூரத்தில் இருந்தார்.

"சரி," என்றார். "எடுத்துக்குங்க."

காலியான கையை நீட்டினார். அரேட்டானா கரும்பலகையோரத்திலிருந்தே இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினாள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளைத் தன் தாழம்பாய்ப் பைக்குள் துணிகளுக்கும் சான்றிதழுக்கும் நடுவில் வைத்து, பையின் வாயை இறுக்கினாள். பிறகு நடந்தாள்.

"டீச்சர், நாங்க?" என்றாள் தாபோரா.

"விதி இப்ப என்னோடது. போய் விளையாடுங்க."

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு, பலகைக்கு அடியில், முட்டைக்கு ஒரு சாண் கீழே, முட்டி மோதி வெளியே ஓடினார்கள். மாடாவா தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்தது. தினமும் பள்ளி விட்டதும் இவர்கள் இப்படித்தான் ஓடுவார்கள். இன்றைக்கு ஏன் தாமதம் என்பதுபோல் இருந்தது அதன் பார்வை.

"காவலர் பதவி?" என்று பரானிகோ கேட்டார்.

"அஞ்சாம் விதிப்படிதானே சார் அது? விதியை நான் தராவாவுக்கு எடுத்துட்டுப் போறேன். விதியே இல்லாத இடத்துல காவலர் எதுக்கு?"

"அப்ப நாங்க? நாங்க போகலாமா, கூடாதா?"

"உங்க இஷ்டம் சார்."

அந்தச் சொல்தான் அவரை மாட்டிவிட்டது. இயக்ககத்தில் அவர் வாங்கிய பயிற்சிகள் எதிலும் இஷ்டம் என்ற ஒன்று வந்ததில்லை. விதி இருந்தால் எப்படி நிற்பது என்று தெரியும். விதி இல்லாத இடத்தில் எப்படி நடப்பது? அவர் தலைமையகத்தை அழைத்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருப்பவர்களுக்கான இசை ஒலித்தது. ப்ரோன்வின் அவரை விட்டுப் போக மனமில்லாமல் அருகிலேயே நின்றார். ஒரு அதிகாரியின் நடத்தையில் மாற்றம் வருமா என்று அளக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

தெகாபுவே அரேட்டானாவை வள்ளத்தில் ஏற்றி, பாறை இடுக்கு வழியாக அலை பார்த்துத் துழாவிக் கொண்டுபோனார். கப்பலின் ஏணியைப் பிடித்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். நண்டுக்கூண்டின் வலைக்குப் பின்னால் இரண்டு உருவங்கள். ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. யாரும் தடுக்காதபோதும் அது அந்தக் காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

கப்பல் இரண்டாவது முறை ஊதியது. பிறகு யாருக்காகவும் நிற்கவில்லை.

தராவா துறைமுகத்தில் கூட்டம். அரேட்டானா தலைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். அத்தை தெரிந்தாள். அத்தைக்குப் பக்கத்தில் உயரமான ஒரு பெண்பிள்ளை. யாரோ என்று நினைத்தாள். அந்தப் பிள்ளையின் ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தது.

"தூரியா!"

பிள்ளை ஓடிவந்தாள். பாதி தூரம் வந்தவள் சட்டென்று நின்று, கையை உயர்த்தினாள்.

"அம்மா! அசையாதீங்க! ஓவர்!"

இருவருக்கும் நடுவில் கயிறு கட்டும் முளை ஒன்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு மாடாவா உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் புள்ளி போட்ட முட்டை.

"போன மாசம் ஆபீசருங்க வந்து சொல்லிக் குடுத்தாங்கம்மா," என்று தூரியா அங்கிருந்தே கத்தினாள். மகள் வாயசைவதை இத்தனை நாளுக்குப் பிறகு இப்போதுதான் அரேட்டானா பார்க்கிறாள். "நெஞ்சில கை வச்சு சொல்லியிருக்கேன். குஞ்சு பறக்கிற வரைக்கும் நான் இங்க, நீங்க அங்க. ஓவர்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அரேட்டானா ஆசிரியை. பையைக் கீழே வைத்தாள்.

"அந்த விதி இப்ப என்னோடது தூரியா. புபூசி கேட்டு வாங்கியிருக்கேன். இந்தப் பைக்குள்ளதான் இருக்கு."

தூரியா பையைப் பார்த்தாள். பிறகு, "புபூசி," என்றாள். "எனக்குக் குடுங்க. ஓவர்."

பெற்ற மகள் கேட்கிறாள். மறுக்க முடியுமா? அரேட்டானா பையின் வாயைத் திறந்து, உள்ளே துழாவி, இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினாள். அத்தையும் சுமை தூக்கிகளும் அந்தக் காலிக் கைகளை எட்டிப் பார்த்தார்கள். தூரியா தூரத்திலிருந்தே கை ஏந்தி வாங்கி, பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். இனி அது அவளுடையது. அவள் சொல்வதுதான் விதி.

அவள் தலையை நிமிர்த்தி முளையைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். அவசரப்படாமல், நன்றாகப் பார்த்தாள். துறைமுகத்தின் அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், மூட்டைகள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்க, அது கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"அது நம்மளக் கண்டுக்கவே இல்லையேம்மா," என்றாள். "ஓவர்."

ஓடிவந்தாள்.